தெற்கே திரும்பிய ஏரியல்

அடுத்தவர் வீட்டையோ காரையோ பார்த்து எனக்குப் பொறாமை வந்ததில்லை. தொலைத்தொடர்புத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தேன். பதவி உயர்வுப் பட்டியலில் என்னைத் தாண்டிப் போனவர்களைக்கூட மன்னித்திருக்கிறேன். விதிப்படி போனவர்களை முழுதாகவும், விதியை வளைத்துப் போனவர்களை ஏறக்குறையவும். ஓய்வு பெற்றுச் சங்கரன்கோவிலுக்கு வந்த பிறகுதான் ஒரே ஒரு பொருளின் மேல் பொறாமை பிடித்தது. அது அடுத்த வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் ஒரு பழைய கியர்பெட்டி.

நான் அமெச்சூர் ரேடியோக்காரன். அரசாங்கத் தேர்வு எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் இன்னொரு உரிமக்காரரோடு பேசுவதுதான் இந்தப் பொழுதுபோக்கு. பேசுகிற விஷயம் பெரிதாக ஒன்றும் இருக்காது. உன் சத்தம் எனக்கு எப்படிக் கேட்கிறது, என் சத்தம் உனக்கு எப்படிக் கேட்கிறது, வணக்கம், அவ்வளவுதான். இதற்கு மாடியில் ஒரு ஏரியல் வேண்டும். நல்ல ஏரியல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் நன்றாகக் கேட்கும். ஆகவே அதைத் திருப்ப ஒரு மோட்டார் வேண்டும். அதற்கு ரொட்டேட்டர் என்று பெயர். கீழே அறையில் ஒரு பெட்டி, பெட்டியில் திசை காட்டும் ஒரு முள். பொத்தானை அழுத்தினால் மேலே ஏரியல் திரும்பும், கீழே முள் நகரும்.

காற்றில்லாத ஊரில் இது சுகமான ஏற்பாடு. எங்கள் ஊரில் ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஆவணி வரைக்கும் குடியிருக்கும். மாடியில் காயப்போட்ட வேட்டியைத் தெருமுனையில் போய் எடுத்து வர வேண்டியிருக்கும். ஏரியல் என்பது பதினெட்டு அடி நீளக் குழாயும், அதன் குறுக்கே முப்பது அடிக்கு மேல் நீளமுள்ள மூன்று அலுமினியக் குச்சிகளும். இவ்வளவு பெரிய சாமானைக் காற்று பிடித்துத் திருகும்போது, அதை அசையாமல் பிடித்து நிற்க வேண்டியது அடியில் இருக்கும் ரொட்டேட்டர்தான்.

என் ரொட்டேட்டர் வெளிநாட்டுச் சரக்கு. மகள் ஊருக்கு வரும்போது துணிமணிகளைக் குறைத்துக்கொண்டு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். கையேட்டை மூன்று முறை படித்தேன். ஏரியல் குழாயைப் பிடிக்கும் கிளாம்பை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு அளவு இருந்தது. அதே அளவுக்கு முறுக்கச் செய்தேன். குழாயில் ஓட்டை போட்டுக் குறுக்கே போல்ட் செருகக் கூடாது என்றும் இருந்தது. காற்று அளவுமீறி அடித்தால் குழாய் கிளாம்புக்குள் கொஞ்சம் வழுக்கிப் போகட்டும். வழுக்காமல் இறுக்கிவைத்தால் மொத்த அடியும் பல்சக்கரத்தில் விழும் என்பது அதன் நியாயம். எனக்கு அந்த நியாயம் மிகவும் பிடித்திருந்தது. ரேடியோ நண்பர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் 'பலத்த காற்றில் ரொட்டேட்டர்களின் நம்பகத்தன்மை' என்று அரை மணி நேரம் பேசவும் செய்தேன். காற்றடித்த பிறகு சரிபார்க்க வேண்டிய விஷயங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன்.

முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டவர் என் பக்கத்து வீட்டுக்காரர். எட்டு விசைத்தறி வைத்திருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இவரும் தேர்வு எழுதினார். என்னுடையதைவிட ஒரு படி கீழான உரிமம், சக்தி குறைந்த ரேடியோ. அதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்து அவர் ஒரு ரொட்டேட்டர் செய்தார்.

பாவு ஓட்டும் கொட்டகையில் கழித்துப் போட்ட ஒரு கியர்பெட்டி, ஒரு லாரியின் வைப்பர் மோட்டார். பெட்டிக்குள் இருந்தது திருகுப்பல் கியர். மோட்டார் சுற்றினால் சக்கரம் திரும்பும். சக்கரத்தைப் பிடித்து எத்தனை பேர் தள்ளினாலும் மோட்டார் பக்கம் அசையாது. ஆகவே அதற்கு பிரேக்கே தேவையில்லை. குழாயில் ஓட்டை போட்டு விரல் தடிமனில் ஒரு போல்ட்டையும் செருகிவிட்டார். திசை காட்டும் முள் கிடையாது. ரேடியோ அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பைக்கின் பக்கக் கண்ணாடியைப் பொருத்தியிருந்தார். அதில் ஏரியல் தெரியும். பார்த்துப் பார்த்துத் திருப்புவார்.

நான் ஒரு பக்கத்துக்கு எழுத்துமூலமாகவே கருத்துக் கொடுத்தேன். போல்ட்டை எடுக்காவிட்டால் முதல் ஆடியிலேயே பல் உடையும் என்று அதில் சொல்லியிருந்தேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி எழுதிக் குடுத்தா அது அம்புட்டும் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

போல்ட்டை எடுக்கவில்லை. முதல் ஆடி போயிற்று, இரண்டாவது ஆடி போயிற்று. இரண்டாவது ஆடியில் என் வெளிநாட்டுச் சரக்கின் பிரேக் தேய்ந்து, உதிரிபாகம் வருவதற்குள் கார்த்திகை ஆகிவிட்டது. அவருடைய ஏரியல் அசையவில்லை.

"அவரு ஏரியல் கல்லு மாதிரி நிக்கி. நம்மது என்னன்னா பேயாடுது" என்றாள் என் மனைவி, துணி மடித்துக்கொண்டே. அவளுக்கு இரண்டு ஏரியலும் ஒன்றுதான். கண்ணில் பட்டதைச் சொன்னாள். எனக்குத்தான் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன் பிறகு காற்றடித்த ஒவ்வொரு காலையிலும் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வரும்போது முதலில் அவர் மாடியைத்தான் பார்ப்பேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சிறு விபத்து. யார் மேலும் எதுவும் விழ வேண்டாம். ஒரே ஒரு பல் உடைந்தால் போதும். உடைந்ததும் நான் போய் ஆறுதல் சொல்லி, மடித்து வைத்த அந்தத் தாளை எடுத்துப் படிக்கச் சொல்வதாக இருந்தேன். ஆறுதல் வாசகங்கள்கூடத் தயாராக இருந்தன.

இந்த நிலையில்தான் தீவு வந்தது.

பசிபிக் கடலின் கிழக்கு ஓரத்தில் ஆளில்லாத ஒரு தீவு. நண்டும் பறவையும்தான் குடித்தனம். நம் ஊருக்கு ஏறக்குறைய பூமியின் நேர் பின்பக்கம். பல வருடங்களுக்கு ஒரு முறை சிலர் படகில் போய் இறங்கி, கூடாரம் போட்டு, பத்து நாள் ரேடியோ பேசிவிட்டு வருவார்கள். அந்தப் பத்து நாளில் பேசினால் உண்டு. போன தடவை அவர்கள் இறங்கியபோது என்னை வடக்கே மாற்றியிருந்தார்கள். ரேடியோ கட்டிய பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடந்தது. அதற்கு முந்தைய தடவை எனக்குக் கல்யாணம். அடுத்த தடவை என்று ஒன்று வரும்போது நான் இருப்பேனா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை நன்றாக இல்லை. ஆகவே இந்தத் தடவைதான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு தீவு இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும். "அப்படியா அண்ணாச்சி! அப்ப நானும் முயற்சி பண்ணிப் பாக்கேன்" என்றார். முயற்சி செய்யட்டும் என்று நானும் பெருந்தன்மையாக இருந்தேன். அவருடைய சக்தி குறைந்த ரேடியோவுக்கு அது எட்டாது என்பதில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

ஆடித் தபசு முடிந்து பந்தல் பிரித்த வாரத்தில் அவர்கள் தீவில் இறங்கினார்கள். நான் விதிப்படி எல்லாம் செய்தேன். தீவுக்கு நேர்வழி நம்மிடமிருந்து வடக்கு. வட துருவத்தை ஒட்டிப் போக வேண்டும். கணினியில் போட்டுப் பார்த்ததில் அந்த வழி ரேடியோ அலைக்குச் சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை திறக்கும் என்று வந்தது. முள்ளை வடக்கில் வைத்தேன். முதல் நான்கு நாளும் இரைச்சலுக்கு அடியில் கொசு பாடுவது போல ஒரு குரல் கேட்டது. அது தீவுதான். நான் கூப்பிட்டது அதற்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் சாயங்காலங்களில் வடக்கே திருப்பி வைத்துக் கூப்பிட்டார். அவருக்கும் கிடைக்கவில்லை. அந்த நான்கு நாளும் ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மேற்கே மேகம் கட்டி, மழையும் காற்றும் சேர்ந்து அரை மணி நேரம் சுழற்றி அடித்தது. ஓய்ந்ததும் என் பட்டியலை எடுத்தேன். பொத்தானை அழுத்தினால் முள் நகர்கிறதா? நகர்கிறது. பிரேக் பிடிக்கிறதா? பிடிக்கிறது. கடைசி வரி, மாடிக்குப் போய் ஏரியலைக் கண்ணால் பார்க்கவும் என்பது. அந்த வரியை எழுதிய காலத்தில் எனக்கு மூட்டுவலி இல்லை. என் ரேடியோ அறையும் தரைத்தளத்தில். ஜன்னலைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர்தான் தெரியும். முள் வடக்கைக் காட்டியது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று அந்த வரிக்கும் ஒரு டிக் போட்டேன்.

அன்றைக்கும் மறுநாளும் சாயங்காலம் அந்தக் கொசுக்குரல்கூட இல்லை. சூரியன் மேல் பழியைப் போட்டேன். சூரியன் கொதித்தால் ரேடியோ அலை எட்டாது என்பதால் எங்கள் பொழுதுபோக்கில் அதற்கு இடம் உண்டு.

ஏழாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கையில் போன்.

"அண்ணாச்சி! கெடச்சிட்டு! தீவு கெடச்சிட்டு!"

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"அஞ்சே முக்காலுக்கு. அடுத்த தெருவுல நின்னு பேசுத மாதிரி கேட்டுச்சு அண்ணாச்சி. ஒரே கூப்பாடுதான், எடுத்துட்டான். அவங்க பதிவேட்டுலயும் ஏறியாச்சு, இந்தா பாருங்க." போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். தீவுக்காரர்கள் தினமும் இணையத்தில் போடும் பட்டியலில் அவருடைய அழைப்புக்குறி, அதாவது உரிமத்தோடு அரசாங்கம் கொடுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ரேடியோப் பெயர், இருந்தது.

"காலையிலயா? வடக்கேயா?"

"என்ன அண்ணாச்சி, தெரியாத மாதிரி கேக்கிய?" என்று சிரித்தார். "தெற்கேதான். ரெண்டு நாளா உங்க ஏரியல் தெற்கப் பாத்துல்லா நிக்கி. முந்தாநேத்துப் பாத்தேன். அண்ணாச்சி காரணமில்லாம ஒரு குச்சியக்கூட அசைக்க மாட்டாகளே, என்னவாருக்கும்னு யோசிச்சேன். நேத்து ராத்திரிதான் வெளங்கிச்சு. நேர்வழி வடக்குன்னா, பூமிக்கு மறுபக்கமா வார சுத்துவழி தெற்கு. இங்க விடியும்போது அங்க அடையும். அந்த நேரம்தான் சுத்துவழி தெறக்கும்னு நீங்க கூட்டத்துல சொன்னியள்ல! விடியமுன்ன எந்திரிச்சு நானும் உங்களப் பாத்துத் தெற்கே திருப்புனேன். நீங்க மொத நாளே போட்டிருப்பிய, சொல்லாம கமுக்கமா இருக்கிய, அப்படித்தான?"

ஏரியல் தெற்கே நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஐந்தாம் நாள் காற்று குழாயைக் கிளாம்புக்குள் வழுக்க வைத்து, ஏரியலை அரைவட்டம் திருப்பி விட்டிருக்கிறது. ரொட்டேட்டர் தன் இடத்தில் வடக்கு என்று நிற்கிறது. முள் ரொட்டேட்டரைத்தான் காட்டும், ஏரியலைக் காட்டாது. இதையும் நான் அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

அவர் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றேன். "தெற்குதான்."

அவர் போனதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். அவர் சொன்னது சரி. ஏரியல் தெற்கைப் பார்த்து நின்றது, கேபிள் குழாயை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. காலையில் நான் எழுந்து ரேடியோவைப் போட்டிருந்தால் போதும், தீவு காதில் விழுந்திருக்கும். நானோ அட்டவணைப்படி அந்த நேரம் நடைப்பயிற்சியில் இருந்தேன். என் தவறைப் பார்த்துக் காப்பியடித்தவர் தேறிவிட்டார். தவறைச் செய்தவன் மாடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானத்துக்குள் எங்கள் மாவட்ட ரேடியோக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அவர் எழுதிவிட்டார். அண்ணாச்சியின் ஏரியலைப் பார்த்துத்தான் இந்த யுக்தி தெரிந்தது, நன்றி அண்ணாச்சி என்று. கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. நாகர்கோவில் பக்கத்து நண்பர் ஒருவர், குருவே, உங்களுக்குத் தீவு எந்த நாள் கிடைத்தது என்று கேட்டிருந்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுதினேன். மறுநாள் விடியலில் நானும் பேசிவிட்டால் அது பொய்யாகாது. ஏரியல்தான் தெற்கே நிற்கிறதே.

எட்டாம் நாள் நாலரைக்கு எழுந்து மாடிக்குப் போனேன். ராத்திரி அடித்த காற்றில் ஏரியல் மேற்கே போயிருந்தது. மனைவியை எழுப்பி மாடியில் நிறுத்தி, நான் கீழே வந்து பொத்தானை அழுத்தியபடி போனில் கேட்டேன்.

"திரும்புதா?"

"இல்ல."

"இப்ப?"

"கீழ இருக்க டப்பா மட்டும் சுத்துது. மேல உள்ளது அது பாட்டுக்கு நிக்கி."

"நல்லாப் பாரு."

"நான் நல்லாத்தான் பாக்கேன். பாக்க வேண்டிய நாள்ல நீங்கதான் பாக்கல. குளிருது, நான் எறங்குதேன்."

வழுக்கி வழுக்கிக் கிளாம்பின் பிடி மழுங்கிவிட்டது. ஏரியலைத் தாங்கும் டவரில் ஏறி அதைக் கழற்ற விருதுநகரிலிருந்து ஆள் வர வேண்டும். இந்தக் காற்றில் எவனும் ஏற மாட்டான். ஏறச் சொல்வதும் முறையில்லை. விடிந்தது. பக்கத்து மாடியில் அந்தப் பழைய கியர்பெட்டி தெற்கைப் பிடித்தபடி நின்றது. தீவில் இன்னும் இரண்டு நாள்.

அடுத்தவர் நிலையத்தில் உட்கார்ந்து என் அழைப்புக்குறியில் பேச விதியில் இடமிருக்கிறதா என்று புரட்டினேன். இருந்தது. இல்லாமல் போயிருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்டால், உங்கள் ஏரியலுக்கு என்ன என்பார். சொன்னால், தெற்கு என்பது என் யுக்தி இல்லை என்று தெரிந்துவிடும். பகல் முழுவதும் யோசித்தேன். சாப்பாட்டுக்கு முன் ஒரு முடிவு, சாப்பாட்டுக்குப் பின் வேறொரு முடிவு. நாலு மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அவர் தறிக்கூடத்தில் இருந்தார். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"என் ரொட்டேட்டர் வழுக்கிட்டு வே!"

"என்னது அண்ணாச்சி?"

"வழுக்கிட்டு! தெற்கே நான் திருப்பல!"

அவர் காதில் கையை வைத்துக் காட்டிவிட்டு, சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தார். எட்டுத் தறியும் ஒரேயடியாக நின்றன. நான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட்டிருந்தேன்.

"நான் திருப்பல! காத்துதான் திருப்புச்சி!"

கூடத்தில் இருந்த நாலு தறிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"காத்தா?" என்றார் அவர்.

"காத்துதான். கிளாம்பு வழுக்கி ஏரியல் சுத்திட்டு. முள்ளு வடக்கக் காட்டுச்சி. நான் மாடிக்குப் போயிப் பாக்கல. காலையில எந்திரிச்சுக் கேக்கவும் இல்ல. எனக்குத் தீவு கெடைக்கல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. "நான் ஒரு ராத்திரி பூரா தூங்காம யோசிச்சேன் அண்ணாச்சி! பேப்பர்ல உருண்டை போட்டு, கோடு போட்டு... கடைசில காத்தா!"

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"நீங்க என்னத்தக் கேக்க? நாளைக்கு வெள்ளென அஞ்சு மணிக்கு வந்திருங்க. கதவத் தட்ட வேண்டாம், தெறந்துதான் கெடக்கும்."

குழுவில் எழுதுவாரா என்று கேட்க வாய் வரவில்லை. அவர் எழுதவில்லை. அந்தச் சிரமத்தைப் பிறகு நானே செய்தேன்.

ஒன்பதாம் நாள் ஐந்து மணிக்கு, தறிக்கூடத்துக்கு மேலே இருக்கும் ரேடியோ அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ராத்திரி ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது. தறி மோட்டார்களின் இரைச்சல் ரேடியோவிலும் கேட்டது. "இருங்க" என்று கீழே போனார். எட்டுத் தறியும் நின்றன. எனக்காக நிறுத்தியிருக்கிறார். ஜன்னல் கம்பிகளில் காற்று விசிலடித்தது. கண்ணாடியில் பார்த்தேன், ஏரியலின் குச்சிகள் நடுங்கின, நடுக்குழாய் தெற்கைவிட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அவருடைய அந்தச் சின்ன ரேடியோவில் தீவு, அவர் சொன்ன மாதிரியே, அடுத்த தெருவில் நின்று பேசியது.

உலகமே அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் என் அழைப்புக்குறியை ஒரு முறை சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"விடாமக் கூப்பிடுங்க அண்ணாச்சி!"

"ஒரு தடவ சொல்லிட்டுக் கேக்கணும். அதான் முறை."

"முறையப் பாத்தா விடிஞ்சிரும்!"

ஆறு முறை, ஒவ்வொன்றாக. ஆறாவது முறை முடிந்ததும் தீவிலிருந்து ஒரு குரல் என் அழைப்புக்குறியை, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல், திருப்பிச் சொன்னது. நன்றாகக் கேட்கிறது என்றது. நீங்களும் நன்றாகக் கேட்கிறீர்கள் என்றேன். நன்றி என்றது. பத்து விநாடி. அது அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டது.

நான் திரும்பும் முன் அவர் படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். "ஏலே, அண்ணாச்சிக்குக் கெடச்சிட்டு லே! ஒத்த எழுத்து மாறாமத் திருப்பிச் சொன்னாம்லே!" தறிக்காரர்கள் கைதட்டுவது கேட்டது. காப்பி போடச் சொல்லி உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார். பிறகு தெருவுக்குப் போய் என் வீட்டைப் பார்த்து என் மனைவியிடமும் கத்தினார்.

நான் காகிதத்தில் நேரத்தையும் அலைவரிசையையும் எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில் 'பக்கத்து வீட்டு நிலையம், பக்கத்து வீட்டு ஏரியல்' என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகும் அவர் மேலே வரவில்லை. கீழே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார், அந்தப் பத்து விநாடியை, தனக்கே நடந்தது போல. முந்தாநாள் அவர் செருப்பில்லாமல் என் வாசலில் வந்து நின்றபோது நான் கேட்டது எத்தனை மணிக்கு என்று. இத்தனை வருடம் காத்திருந்தவன் நான். சந்தோஷப்பட்டது அவர். காப்பி வரும் வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதற்கும் பொறாமைப்பட்டேன்.